பதினோரு வரி

நல்லா நகர்ந்து உக்காருங்க, எடம் கெடக்குது. ஈரோடு போய்ச் சேர எப்படியும் மூணு மணி நேரம் ஆகுமுங்க, இந்த வண்டி கை காட்டுன எடத்துல எல்லாம் நிக்கும். மடியில வெச்சிருக்கறது ஆய்வுக் கட்டுரைங்களா? கேட்டேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு பக்கம் மட்டும் டைப்பு, வரிக்கு வரி எடைவெளி, இடது பக்கம் ஒன்றரை அங்குலம் விட்டிருக்குது. பாத்ததும் தெரிஞ்சு போச்சு. முப்பத்தோரு வருசம் எனக்கு அதுதானுங்க பொழப்பு.

எம் பேரு நாச்சிமுத்து. ‘மலையும் மக்களும்’னு ஒரு மானிடவியல் ஆய்விதழ் ஈரோட்டுல இருந்து வந்துக்கிட்டு இருந்துச்சு. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. வருசத்துக்கு ரெண்டு இதழ், நானூறு காப்பி, அதுல நூறு பரண்ல தூங்கும். மலைவாழ் ஜனங்களப் பத்திக் காலேஜுக்காரங்க எழுதற கட்டுரைக. ஆசிரியரு பேராசிரியர் ஞானசிகாமணி ஐயா. அட்டையில அவரு பேரு பெருசா இருக்கும். உள்ளே சின்ன எழுத்துல துணையாசிரியர்னு எம் பேரு. ஆனா தபால் பிரிக்கறதுல இருந்து தபால் தலை ஒட்டற வரைக்கும் நானேதானுங்க. கட்டுரை வந்தா பதிவேட்டுல நம்பர் போடறது, எழுதுனவங்க பேரு இருக்கற தாளைக் கழட்டி வெச்சுட்டு மதிப்பீட்டாளர் ரெண்டு பேருத்துக்கு அனுப்பறது, அவங்க சொன்னதை எழுதுனவங்களுக்குத் திருப்பி அனுப்பறது, மறுபடி வந்ததைப் படிச்சு அச்சாபீசுக்குக் குடுக்கறது. கடைசிப் பக்கத்துல ‘கட்டுரையாளர் கவனத்திற்கு’ன்னு பதினாறு விதி இருக்குமுங்க. அந்தப் பதினாறும் நான் எழுதினது. எந்தக் கட்டுரையும் இருபது பக்கத்துக்கு மேல போகக்கூடாதுங்கறது நாலாவது விதி.

இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லலீங்க. சரி, கொஞ்சம் பெருமைக்குத்தான். ஆனா இன்னிக்கு நான் மலையில இருந்து எறங்கி வர்றேன். நேத்து அங்க ஒரு விசேசம். அங்க நடந்ததை யாருகிட்டயாச்சும் சொல்லலைன்னா ஈரோடு போறதுக்குள்ள எனக்கு மூச்சு முட்டிப் போயிரும். ஊட்டுல சொல்ல முடியாது. என்ற பையன்கிட்ட சொல்ல முடியாது. நீங்க யாரோ, நான் யாரோ. அதுனாலதான்.

தொண்ணூத்தாறாம் வருசம் ஆடி மாசம் ஒரு கட்டுரை வந்துச்சு. எழுதுனவங்க ஹெலன் சுகந்தி. நாகர்கோயில் பக்கத்துப் பொண்ணு, முப்பது வயசு இருக்கும், அப்ப ஏதோ ஒரு காலேஜுல தற்காலிக வேலை. கரடிக்கல் மலையில பதினாலு மாசம் அந்த ஜனங்களோடயே தங்கியிருந்து, அவங்க களியைத் தின்னு, அவங்க கூடவே காட்டுக்குப் போயி எழுதினது. எந்த ஜனங்கன்னு மட்டும் கேக்காதீங்க. வண்டியில நாலு பேரு காதுல விழும். அந்தப் பேரைச் சொல்லற யோக்கியதை எனக்கு இல்லீங்க.

பொண்ணு பெரியவளானா அந்த ஜனங்க என்ன பண்றாங்க, எங்க உக்கார வெக்கறாங்க, யாரு யாரு என்ன மொறை செய்யறாங்க, அதைப் பத்தின கட்டுரை. அப்படி ஒரு சுத்தமான பிரதியை நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்லை. பதினாறு விதியில ஒண்ணைக்கூட மீறலை. அடிக்குறிப்பு எல்லாம் கடைசியில, மேற்கோள் பட்டியல் அகர வரிசையில. மதிப்பீட்டாளருங்க ரெண்டு பேரும் அப்படியே போடலாம்னு எழுதிட்டாங்க. அதுல ஒருத்தரு யாரு எழுதினாலும் நாலு பக்கம் குத்தம் சொல்லறவரு. அவரே ஒண்ணும் சொல்லலை.

கார்த்திகை மாசம் இதழ் அச்சுக்குப் போச்சு. எங்களுக்கு அச்சடிச்சது மொய்தீன் பாய். ஃபாரம்னா தெரியுமுங்களா? பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். நாங்க எப்பவும் ஆறு ஃபாரம், தொண்ணூத்தாறு பக்கம். பாய் போன் பண்ணாரு. “நாச்சிமுத்து, தொண்ணூத்தேழாம் பக்கத்துல பதினோரு வரி தொங்குது. இன்னொரு ஃபாரம் ஏத்தவா? மீதியெல்லாம் வெள்ளைத் தாளாத்தான் போகும். நாளைக்குக் காலையில இருந்து எனக்குக் காலண்டர் வேலை, அப்புறம் தையில தான் மிஷின் காலி.”

“இருங்க பாய், நானே வர்றேன்”னு சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போனேன்.

பதினோரு வரி. எங்கயாவது குறைக்கோணும். அந்த இதழ்ல ஐயாவோட கட்டுரை ஒண்ணு இருந்துச்சு. முப்பத்திரண்டு பக்கம். நாலாவது விதி அவருக்குக் கெடையாதுங்க. அதுல மொத ரெண்டு பக்கம் நன்றி சொல்றதுலயே போகும், துணைவேந்தர்ல இருந்து ஜீப் ஓட்டுனவரு வரைக்கும். அதுல பதினோரு வரி எடுத்திருந்தா ஒரு ஈ காக்காக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா ஐயா கட்டுரையில நான் கை வெக்க முடியுமுங்களா? நீங்களே சொல்லுங்க. சம்பளம் குடுக்கறவரு.

ஹெலன் கட்டுரையைப் பொரட்டினேன். நாப்பத்தொண்ணாம் பக்கத்துல ஒரு பத்தி. எண்ணிப் பாத்தேன். சரியாப் பதினோரு வரி. அளவெடுத்துத் தெச்ச சட்டையாட்டம் இருந்துச்சுங்க. இப்பவும் எனக்கு மனப்பாடம். ‘கிழக்குச் சரிவில் உள்ள மூன்று ஊர்களில் குடிசை கட்டும் வழக்கம் இல்லை. மூன்று தலைமுறைக்கு முன் குடிசையில் தனித்திருந்த ஒரு பெண்ணைச் சிறுத்தை இழுத்துச் சென்றதால் அதைக் கைவிட்டதாகக் கூறுகின்றனர். இவ்வூர்களில் பெண்ணை வீட்டுக்குள்ளேயே தானியக் குதிருக்குப் பக்கத்தில் உட்கார வைக்கின்றனர்…’ இப்படிப் போகும். மலையில இருக்கறது இருபத்தாறு ஊரு. இருபத்திமூணு ஊருல ஊருக்கு மேக்கால நாவல் கொம்புல குடிசை கட்டி, பொண்ணை ஒம்பது நாள் அதுல வெப்பாங்க. மூணே மூணு ஊருல இல்லை. விதிவிலக்குதானே, போனா என்னன்னு நெனச்சேன். எழுதுனவங்களக் கேக்கலாம்னா அவங்க அப்ப மறுபடி மலைக்குப் போயிருந்தாங்க, போனும் கெடையாது. கோடு போட்டு அடிச்சுட்டேன்.

பாய் கேட்டாரு, “கேட்டுக்கிட்டியாப்பா?”

“கேட்டாச்சு பாய்”னேன். அவரு நம்பிட்டாரு.

அன்னிக்குச் சாயங்காலம் சந்தோசமாத்தான் ஊட்டுக்குப் போனேன். ஒரு ஃபாரத்தை மிச்சம் பண்ணிட்டோம்னு.

நாலு மாசம் கழிச்சு ஹெலன்கிட்ட இருந்து ஒரு பதிவுத் தபால். ஒடிசாவுல ஒரு காலேஜுல நெரந்தர வேலை கெடச்சுப் போயிருந்தாங்க, அங்க இருந்து. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ‘நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு பத்தி விடுபட்டுள்ளது. அது இல்லாவிட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.’ மரியாதையாத்தான் எழுதியிருந்தாங்க. அதை ஐயாகிட்டக் காட்டோணும். காட்டினா, யாரைக் கேட்டு அடிச்சேன்னு கேப்பாரு. ஐயாவுக்குக் கோவம் வந்தா மேசையில இருக்கறது எல்லாம் பறக்கும். நாளைக்குக் காட்டலாம், நாளைக்குக் காட்டலாம்னு இருந்தேன். அப்புறம் அதை ‘இதர கடிதங்கள்’ங்கற கோப்புல வெச்சுப்போட்டேன். நான் கெட்டவன் இல்லீங்க. நாலு வரித் திருத்தம் யாரு படிக்கப் போறாங்கன்னு நெனச்சேன், அவ்வளவுதான்.

அப்படியே ஏழெட்டு வருசம் ஓடிப்போச்சு. நான் மறந்தே போயிட்டேன்.

ரெண்டாயிரத்து நாலு, ஆவணி மாசம். மத்தியானம் ஒரு மணி இருக்கும், சோத்துப் போசியைத் திறக்கறேன், வாசல்ல ஒருத்தரு வந்து நிக்கறாரு. அம்பது வயசு, ஒல்லியான ஆளு, காலுல செருப்பில்லை. கையில பிளாஸ்டிக் கவர். பேரு சடையன்னு சொன்னாரு. கரடிக்கல் மலை, கீழப்பாறைங்கற ஊரு. அதுதானுங்க, கிழக்குச் சரிவு.

“சார், இந்தப் புத்தகம் போட்டது இந்த ஆபீசுங்களா?”ன்னு கவர்ல இருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்தாரு. ஹெலனோட கட்டுரை.

அவரு மக சிவரஞ்சனி. பன்னெண்டாவதுல அந்த மலைப் பள்ளிக்கூடத்துலயே மொத மார்க்கு. நர்சிங் சீட்டு கெடச்சிருக்குது. ஆனா சாதிச் சான்றிதழ் இல்லாம சேர முடியாது. அந்த ஜனங்களுக்குச் சான்றிதழ் குடுக்கறதுன்னா ஆபீசுல சுளுவாக் குடுக்க மாட்டாங்க. பொய் சொல்லி வாங்கறவங்க இருக்காங்கன்னு ஒவ்வொருத்தரையும் விசாரிப்பாங்க. உங்க சாமி என்ன, செத்தா எப்படிப் பொதைப்பீங்க, கல்யாணத்துல யாரு தாலி எடுத்துக் குடுப்பாங்க, இப்படி. அந்த ஆபீசு அதிகாரி சிவரஞ்சனியக் கூப்பிட்டுக் கேட்டிருக்காரு, “நீ வயசுக்கு வந்தப்ப உன்னை எங்கம்மா உக்கார வெச்சாங்க?”

அது உண்மையச் சொல்லியிருக்குது. “ஊட்டுக்குள்ள, குதிருக்குப் பக்கத்துல சார்.”

“குடிசை கட்டலையா?”

“எங்கூர்ல கட்ட மாட்டாங்க சார்.”

அவரு மேசையில இருந்த ஜெராக்ஸைத் தூக்கிக் காட்டியிருக்காரு. ‘எல்லா ஊர்களிலும் ஊருக்கு மேற்கே குடிசை கட்டி…’ன்னு அச்சுல இருக்குது. “புத்தகத்துல ஒண்ணு இருக்குது, நீ ஒண்ணு சொல்றே. நீ அந்த சாதியே இல்லை”ன்னு எழுதி மூடிட்டாரு.

சடையன் இதைச் சொல்லும்போது கோவமே இல்லீங்க. அதுதான் எனக்குத் தாங்கலை. “எழுதினது ஹெலனம்மாதானுங்க சார். எங்க ஊட்டுல எட்டு நாளு தங்கியிருந்துச்சு. அதுக்குத் தெரியும், எங்கூர்ல குடிசை இல்லைன்னு. எப்படியோ விட்டுப் போச்சாட்ட இருக்குது. அதுகிட்ட ஒரு கடுதாசி வாங்கிக் குடுத்தா மறுவிசாரணைக்குப் போடலாம்னு வக்கீலு சொன்னாரு. புத்தகத்துல இருந்த அட்ரசுக்கு எழுதினேனுங்க, திரும்பி வந்துருச்சு. உங்ககிட்ட வேற அட்ரசு இருக்குதுங்களா? சீட்டுக்கு இன்னும் பன்னெண்டு நாளு டைம் இருக்குதுங்க சார்.”

அட்ரசு இருந்துச்சுங்க. எனக்குப் பின்னாடி இருந்த அலமாரியில, மேல இருந்து ரெண்டாவது தட்டுல, இதர கடிதங்கள் கோப்புல இருந்துச்சு. அந்தக் கடிதத்தோட மொத வரியே ஒடிசா அட்ரசுதான். ஹெலன் எழுதின அசல் பிரதியும் அதே அலமாரியில இருந்துச்சு. அதை எடுத்துக் குடுத்திருந்தா அதுவே போதும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமுங்களா? “அவங்க எங்க போனாங்கன்னே தெரியலைங்க”ன்னேன். பழைய பிரதியெல்லாம் கரையான் அரிச்சுப் போச்சுன்னேன்.

ஏன் சொன்னேன்னு இருபது வருசமா யோசிக்கறேன். ஐயா உள்ரூம்புல உக்காந்திருந்தாரு, கதவு திறந்து கெடந்துச்சு. அதுதான் காரணம்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். ஒரு நாளைக்கு அது காரணமாத் தெரியும், ஒரு நாளைக்குத் தெரியாது.

சடையன் தலையை ஆட்டிக்கிட்டாரு. “இதோட முழுப் புத்தகம் ஒண்ணு கெடைக்குங்களா சார்? வக்கீலு பாக்கோணும்னாரு. திருப்பிக் கொண்டாந்து குடுத்தர்றேன்.” பரண்ல நூறு காப்பி கெடந்துச்சுன்னு சொன்னேனல்ல. ஒண்ணை எடுத்துக் குடுத்தேன். திருப்பித் தர வேண்டாம்னு சொல்லக்கூட வாய் வரலை. அவரு கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போனாரு. என்ற சோத்தை நான் அன்னிக்குத் தின்னேன். அதையும் சொல்லிப்போடறேன்.

பன்னெண்டு நாளையும் எண்ணினேனுங்க. அஞ்சாவது நாளு அந்தக் கோப்பை எடுத்து மேசையில வெச்சேன். மறுபடி உள்ள வெச்சேன். பத்தாவது நாளு ஒரு இன்லேண்டு லெட்டர் வாங்கி ஹெலன் அட்ரசை எழுதினேன். அதோட நிறுத்திப்போட்டேன். பதிமூணாவது நாளு, இனிமே எழுதி என்ன ஆகப்போகுதுன்னு ஒரு நிம்மதிங்க. நிம்மதி! பாருங்க மனுசனை.

அடுத்த வருசம் சித்திரையில சடையன் மறுபடி வந்தாரு. நான் குடுத்த புத்தகத்துக்கு நியூஸ் பேப்பருல அட்டை போட்டு, ஒரு ஓரம் மடங்காமக் கொண்டாந்து மேசையில வெச்சாரு. கூடவே ஒரு பாட்டில்ல மலைத்தேன்.

“பொண்ணு என்ன பண்ணுதுங்க?”ன்னு கேட்டேன். கேக்காம இருந்திருக்கலாம்.

“மில்லுக்குப் போயிருச்சுங்க சார். மூணு வருசம் அங்கயே தங்கி வேலை பாக்கற மாதிரி. பஞ்சு தூசி ஒத்துக்கலைன்னு இருமிக்கிட்டு இருக்குது. சின்னவன் ஒருத்தன் பத்தாவது படிக்கறான். அவனுக்கும் இதே தகராறுதான் வரும். பரவால்லைங்க சார், நீங்க எங்களுக்காக அன்னிக்கு அவ்வளவு நேரம் தேடிப் பாத்தீங்க.”

நான் எதையும் தேடலீங்க. அலமாரியத் திறந்து சும்மா நின்னேன். அதை அந்த மனுசன் அப்படி எடுத்துக்கிட்டாரு.

அவரு படியெறங்கிப் போனதும் அந்தப் பழைய இன்லேண்டு லெட்டரையே எடுத்து எழுதினேன். நடந்ததை எழுதினேன், ஆனா எல்லாத்தையும் எழுதலை. இந்த மாதிரி ஒரு பொண்ணுக்குச் சான்றிதழ் கெடைக்கலை, தங்களது கட்டுரையில ஒரு பத்தி விடுபட்டதால, அப்படின்னு. ‘விடுபட்டதால’. அந்த வார்த்தைய நெம்ப யோசிச்சுப் போட்டேன்.

எட்டாவது நாளு ஹெலன் ஆபீசுல வந்து நிக்கறாங்க. ஒடிசாவுல இருந்து ரெண்டு ரயில் மாறி வந்திருக்காங்க. ஐயா அன்னிக்கு ஊருல இல்லை. கடவுள் புண்ணியம்னு நெனச்சேன். “அசல் பிரதியை எடுங்க”ன்னாங்க. எடுத்துக் குடுத்தேன். நின்னபடியே நாப்பத்தொண்ணாம் பக்கத்துக்கு வர்ற தாளைத் தேடி எடுத்தாங்க. பாத்தாங்க. அப்புறம் என்னப் பாத்தாங்க.

“பத்தியை எடுத்தீங்க, சரி. மேல இருக்கிற வரியில நான் ‘பெரும்பாலான ஊர்களில்’னு எழுதியிருந்தேன். அதை ‘எல்லா ஊர்களிலும்’னு மாத்தினது யாரு?”

உங்ககிட்ட அதைச் சொல்லாம விட்டுட்டேன் இல்லீங்க? விட்டுட்டேன். ஆமாங்க, மாத்தினது நான்தான். அந்தப் பத்தி போனதுக்கப்புறம் ‘பெரும்பாலான’ன்னு இருந்தது துருத்திக்கிட்டு நின்னுச்சு. அப்ப மீதி ஊருல என்னன்னு படிக்கறவங்க கேப்பாங்க. அதனால ஒரு வார்த்தையத் திருத்தினேன். வாசிக்க நல்லா இருக்கோணும்னு பண்ணினது. அந்த அதிகாரி விரல் வெச்சுக் காட்டினது அந்த வார்த்தையத்தான்.

“என்னோட கடிதம் வரலையா?”ன்னு கேட்டாங்க.

“வரலீங்களே மேடம்.”

கைப்பையைத் திறந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து மேசையில வெச்சாங்க. பதிவுத் தபாலுக்கு வர்ற ஒப்புகை அட்டை. எட்டு வருசமாப் பத்திரமா வெச்சிருந்திருக்காங்க. அதுல எம் பேரு, எங்கையெழுத்து, தேதி. அட்டையைத் திருப்பி எடுத்து உள்ள வெச்சுக்கிட்டு, அசல் பிரதியையும் எடுத்துக்கிட்டு மலைக்குப் பஸ் ஏறிட்டாங்க. ஐயாகிட்டயும் சொல்லலை. வேற யாருகிட்டயும் சொல்லலைன்னுதான் நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அவங்க ஆபீசு ஆபீசா அலைஞ்சு வாக்குமூலம் எழுதிக் குடுத்து, ஒரு வருசம் ஆச்சு, சான்றிதழ் வந்துருச்சு. ஆனா நர்சிங் சேர வயசு இருந்துச்சே தவிர அந்தப் பொண்ணுக்கு மனசும் ஒடம்பும் இல்லை. தம்பி படிக்கட்டும்னு சொல்லிருச்சு. தம்பி படிச்சான். இப்ப அரசாங்க வேலையில இருக்கான். அவனுக்குச் சான்றிதழ் வாங்கறப்ப வேற ஒரு அதிகாரி, அதே ஜெராக்ஸு, அதே கேள்வி. மறுபடி ஹெலன் வரவேண்டியதாப் போச்சு.

திருத்தம் போடலையான்னு கேப்பீங்க. போட்டேனுங்க. ஐயா சம்மதத்தோட, அடுத்த இதழ்ல, உள்ளட்டையில. ஆனா கட்டுரை ஒரு இதழ்ல, திருத்தம் பத்து வருசம் தள்ளி இன்னொரு இதழ்ல. ஜெராக்ஸ் எடுக்கறவன் கட்டுரையை மட்டுந்தானுங்க எடுப்பான். அந்தத் திருத்தத்துலயும் நான் என்ன எழுதினேன்? ‘அச்சகத்தில் நேர்ந்த பிழையால் ஒரு பத்தி விடுபட்டுவிட்டது.’ மொய்தீன் பாயேதான் அதை அச்சடிக்கோணும். அடிச்சாரு. இதழைக் கொண்டாந்து குடுத்துட்டு, “நாச்சிமுத்து, நான் எப்பப்பா பதினோரு வரியை விட்டேன்?”னு மட்டும் கேட்டாரு. ஒரு பேச்சுக்குப் போட்டது பாய்ன்னேன். அதுக்கப்புறம் எங்க வேலையை அவரு எடுக்கலை. அஞ்சு வருசம் முன்னாடி மௌத்தாயிட்டாரு. போயிருந்தேன். அவரு மகங்க என்ன நல்லாத்தான் கவனிச்சாங்க.

சடையனுக்கு நான் சாமிங்க. நான் எழுதினதாலதான் ஹெலனம்மா வந்துச்சு, நான்தான் சான்றிதழ் வாங்கிக் குடுத்தேன்னு ஊரு பூரா சொல்லி வெச்சிருந்தாரு. வருசா வருசம் சித்திரையில தேன் வரும். சிவரஞ்சனி கல்யாணத்துக்கு என்னைத்தான் முன்வரிசையில உக்கார வெச்சாங்க. மூணு வருசம் முன்னாடி அந்த மனுசன் தவறிட்டாரு. அப்பவும் போனேன். ஒவ்வொரு வாட்டியும் சொல்லிரோணும்னுதான் போவேன். சோறு போட்டதும் தின்னுட்டு வந்துருவேன்.

முந்தாநேத்து சிவரஞ்சனி போன் பண்ணுச்சு. “சார், எம் பொண்ணு யாழினி பெரியவளாயிட்டா. நாளைக்கு மாமன் சீரு. நீங்க வந்தே ஆகோணும்.”

போனேன். ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே பாத்துட்டேனுங்க. மேக்கால, கடைசி ஊட்டைத் தாண்டி, பாறை ஓரத்துல ஒரு குடிசை. பச்சை நாவல் கொம்பு, மேல தழை. தாய்மாமன், அதாவது அந்தப் படிச்ச தம்பி, பேண்டை மடிச்சு விட்டுக்கிட்டு கடைசிக் கொம்பை நட்டுக்கிட்டு இருக்கான். ஒருத்தரு செல்போன்ல வீடியோ எடுக்கறாரு.

“என்னம்மா இது? உங்கூர்ல குடிசை கட்டற வழக்கம் இல்லையே”ன்னேன்.

“இல்லதானுங்க சார்”னுச்சு சிவரஞ்சனி. “ரெண்டு வருசமா மூணு ஊருலயும் கட்ட ஆரம்பிச்சுட்டோம். நாளைக்கு இவ காலேஜுக்குப் போறப்போ கேப்பாங்கல்ல? புத்தகத்தை மாத்தறதுக்கு நாங்க மாறிக்கறது சுளுவுங்க சார். அதுல இருக்கற மாதிரியே ஊருக்கு மேக்கால, நாவல் கொம்புல, ஒம்பது நாளு. போட்டோ, வீடியோ எல்லாம் எடுத்து வெச்சுக்கறோம்.”

குடிசைக்குள்ள இருந்து சின்னக் குரலு. “அம்மா, ராத்திரிக்கும் நான் மட்டுந்தான் இருக்கோணுமா? சிறுத்தை வராதா?”

“அம்மா வெளிய படுத்துக்கறேன் சாமி.”

அங்க இருந்த கல்லுல உக்காந்துட்டேன். “சிவரஞ்சனி, அது அச்சாபீசுத் தப்பு இல்லம்மா”ன்னேன். “நான் அடிச்சது. அந்த வார்த்தையும் நான் மாத்துனது. உங்கப்பா வந்து கேட்டப்ப அட்ரசு எங்கிட்ட இருந்துச்சு.” அவ்வளவையும் சொல்லிப்போட்டேன். இருபது வருசம் தொண்டையில நின்னது, சொல்லி முடிக்க அரை நிமிசங்கூட ஆகலை.

அது கையில இருந்த தழையக் கீழ போடலை. “தெரியுங்க சார்”னுச்சு.

“எப்படி?”

“ஹெலனக்கா மில்லுக்கு வந்து என்னப் பாத்தன்னிக்கே சொல்லிருச்சு. அப்பனுக்குச் சொல்ல வேண்டாம்னு நான்தான் தடுத்தேன். அந்த மனுசனுக்கு நல்லது பண்ணவங்கன்னு சொல்லிக்க ஒரு ஆளு இருந்தீங்க. அதையும் ஏன் பிடுங்கோணும்னு.”

“நீ என்னக் கேட்டிருக்கலாமேம்மா. ஒரு வாட்டியாச்சும்.”

“கேட்டிருந்தா இல்லைன்னுருப்பீங்க சார்.” கோவமில்லைங்க, இருமிக்கிட்டே சொல்லுச்சு. அந்த இருமல் இன்னும் போகலை. அப்புறம் தழையக் கூரையில சொருகிட்டு, “பந்தி போட்டுட்டாங்க. சாப்பிட்டுட்டுப் போங்க”ன்னுச்சு.

போனேன். எலை போட்டாங்க. தின்னேன். ராத்திரி அவங்க ஊட்டுலயே படுத்து எந்திரிச்சு, காலையில மொத வண்டிக்கு எறங்கி வந்துட்டேன்.

நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. சாப்பிட்டுட்டுப் போங்கன்னு சொன்னா மன்னிச்சுட்டாங்கன்னுதானே அர்த்தம்? கோவம் இருந்தா சாப்பிடச் சொல்லுவாங்களா? நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு வண்டி ஏறினேன். ஆனா காலையில கெளம்பறப்போ அந்தப் பக்கமாத்தானுங்க வரோணும். சிவரஞ்சனி வாசல்ல சாக்கு விரிச்சுப் படுத்திருந்துச்சு. புள்ளை முழிச்சுக்கிட்டு, தழையை வெலக்கி ஒத்தைக் கண்ணால என்னயே பாத்துச்சு.

ஒம்பது நாளுங்க. இன்னிக்கு ரெண்டாவது நாளு.